துடுப்பு கேட்ட பாட்டு

1848 செப்டெம்பரில் நிலவு எழுந்த ஓர் இரவு, மட்டக்களப்புப் புளியந்தீவில் கோட்டை வாசலை ஒட்டிய இறங்குதுறையிலிருந்து ஒரு படகு புறப்பட்டு, வடகிழக்கே ஏறத்தாழ 180 மீற்றர் போய் நின்றது. உள்ளூர் மீனவர்களோடு அதில் இருந்தவர் சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளர். மாத்தளைக் கிளர்ச்சி அடக்கப்பட்டு, அதன் தலைவர் புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதை அடக்கிய அரசாங்கத்தின் மூத்த அதிகாரி ஒருவர், வாவியின் அடியில் ஏதோ பாடுகிறது என்ற ஊர்க்கதையைச் சரிபார்க்க வந்திருந்தார் என்பது அந்தக் காலத்து ஆட்சியின் விசித்திரங்களில் ஒன்று. காற்று அசையவில்லை. துடுப்பு கிளப்பிய அலையைத் தவிர வேறு அலை இல்லை. ஒலியைத் தாம் தெளிவாகவே கேட்டதாக 1859இல் வெளியான தமது இலங்கை பற்றிய நூலில் அவர் எழுதினார். மெல்லிய மேல்சுருதியும் தாழ்ந்த சுருதியும் கலந்து, ஆனால் தனித்தனியே பிரித்தறியக் கூடியதாக, நீரின் அடியிலிருந்து அது வந்ததாம். படகு நகர நகர ஒலி மாறியது. சில இடங்களில் முற்றாக இல்லாமலே போனது. இந்த விவரங்களுக்கு நடுவே, போகிற போக்கில் சொன்னது போல ஒன்றையும் அவர் குறித்து வைத்தார்: படகின் மரத்தில் காதை வைத்தபோது ஒலி பல மடங்கு பெருகியது.

மீன் பாடும் தேன் நாடு என்ற பெயர் மட்டக்களப்பில் கடைப் பலகைக்கும் விழா மேடைக்கும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தப் பெயரைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது ஒரே கேள்வி: பாடுவது யார்? மீனா, ஊரி எனும் நீர்நத்தையா, நீருக்கடியில் கல்லிடுக்கில் புகுந்து வரும் நீரோட்டமா, அல்லது எல்லாமே கற்பனையா? நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் கேள்வியைச் சுற்றியே விவாதம் நடக்கிறது. இதற்கு முன்னே கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறொன்று என்பது என் எண்ணம். நீருக்குள் பிறந்த ஒலி நீரை விட்டு எப்படி வெளியே வருகிறது? அதற்கு விடை தெரிந்தால், டெனன்டின் குறிப்புகளில் எது சான்று, எது ஊகம் என்று பிரிக்கலாம். பாடுவது யார் என்ற கேள்வியும் பாதிக்கு மேல் தானாகவே தெளிந்துவிடும். அந்த விடையை இயற்பியல் நூல் எதையும் புரட்டாமலே கையில் வைத்திருந்தவர்கள் வாவியின் மீனவர்கள். பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் அவர்கள் சொல்லும் வழி எளியது. துடுப்பின் அலகை நீருக்குள் இறக்கி, மறுமுனையைக் காதோடு அழுத்த வேண்டும்.

ஒலி என்பது ஒரு பொருளின் மூலக்கூறுகள் பக்கத்திலுள்ளவற்றைத் தள்ளுவதும், அவை தமக்கு அடுத்தவற்றைத் தள்ளுவதும்தான். காற்றில் மூலக்கூறுகள் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் அலைகின்றன. நீரில் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. நீரின் அடர்த்தி காற்றினதைப் போல எண்ணூறு மடங்குக்கும் மேல். அதில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் ஓடும், காற்றிலோ 340 மீற்றர் அளவில்தான். அடர்த்தியையும் ஒலியின் வேகத்தையும் பெருக்கி வரும் தொகைதான் ஒரு பொருள் ஒலிக்குக் காட்டும் எதிர்ப்பு. நீருக்கும் காற்றுக்கும் இடையில் அந்தத் தொகை மூவாயிரத்து ஐந்நூறு மடங்குக்கும் மேல் வேறுபடுகிறது. கனத்த தேர் வடத்தில் ஒரு நூலை முடிந்து வடத்தை உலுக்கினால் அதிர்வின் பெரும்பகுதி முடிச்சில் முட்டித் திரும்பிவிடும்; நீர்ப்பரப்பில் ஒலிக்கு நடப்பதும் அதுவே. கீழிருந்து நேராக மேலே வரும் ஒலியாற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் காற்றுக்குள் தப்பும். மரத்தின் கதை வேறு. மரம் நீரைவிட இலேசானது, மிதக்கிறது. ஆனால் அதன் நார் ஓடும் திசையில் ஒலி செக்கனுக்கு நாலாயிரம் மீற்றர் அளவில் பாய்கிறது. குறைந்த அடர்த்தியை அந்த வேகம் ஈடுசெய்துவிட, பெருக்குத்தொகை நீரினதற்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. ஆகவே நீரிலிருந்து மரத்துக்கும், மரத்திலிருந்து மண்டையோட்டு எலும்புக்கும் ஒலி பெரிய இழப்பில்லாமல் ஏறுகிறது. துடுப்புக்குப் பதில் இரும்புக் கம்பியை இறக்கியிருந்தால் இவ்வளவு வசதி கிடைத்திராது; இரும்பு நீரைவிட மிகக் கடினம். இன்னொன்று: நம் உட்காதிலும் திரவம்தான் நிறைந்திருக்கிறது. கரையில் நிற்பவனை எட்ட, பாட்டு ஒரு நீரை விட்டுக் காற்றில் இறங்கி மறுபடி இன்னொரு நீருக்குள் நுழைய வேண்டும். துடுப்புப் பிடித்தவன் நடுவிலுள்ள காற்றையே விலக்கிவிடுகிறான். டெனன்ட் வந்த காலத்துக்கு இருபத்திரண்டு ஆண்டு முன்னர், 1826இல், கொலடோன் என்ற இயற்பியலாளர் ஜெனீவா ஏரியில் நீரில் ஒலியின் வேகத்தை முதன்முதலில் நன்றாக அளந்தார். செக்கனுக்கு 1,435 மீற்றர் என்று கண்டார். நீருக்கடியில் அடித்த மணியின் ஓசையை அவர் கேட்டது, ஏரிக்குள் இறக்கிய ஒரு நீண்ட தகரக் குழாயில் காதை வைத்து. மட்டக்களப்புத் துடுப்பும் ஜெனீவாக் குழாயும் ஒரே சிக்கலுக்குக் கிடைத்த இரண்டு விடைகள். ஒன்று மட்டும் பாடப்புத்தகத்தில் ஏறியது.

இதே சிக்கலை வேறொரு வாசல் வழியாக அணுகியவர் விபுலானந்த அடிகள். 1892இல் காரைதீவில் பிறந்து, லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்று, அறிவியல் ஆசிரியராகவும் பணியாற்றித் துறவியானவர். வாவிக்கரையில் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியவர். 1947இல் வெளிவந்த அவருடைய யாழ்நூல், பழந்தமிழரின் யாழ் நரம்புகளுக்குரிய சுரங்களைக் கணக்கிட்டு மீட்ட பெருமுயற்சி. அதே மனிதர் வாவியின் ஒலியைப் பற்றிப் பாடியபோது மீனையோ ஊரியையோ தேடவில்லை. நீரர மகளிரின் இசையாக்கினார். விஞ்ஞானி கவிஞனிடம் தோற்றுவிட்டான் என்று சிலர் இதை வாசிக்கக்கூடும். நான் அப்படி வாசிக்கவில்லை. நரம்பு தனியே அதிர்ந்தால் காதுக்கு எட்டும் ஒலி மிகச் சொற்பம். காற்றைத் தள்ள அதற்கு அகலம் போதாது. யாழின் ஒலிப்பெட்டியான பத்தர்தான் நரம்பின் அதிர்வை வாங்கி, தன் பெரிய பரப்பால் காற்றுக்குக் கைமாற்றுகிறது. ஒரு பொருளின் அதிர்வை இன்னொரு பொருள் எப்படி ஏற்கும் என்பதே யாழின் உயிர்ச்சிக்கல். அதை ஆண்டுக்கணக்கில் யோசித்தவரின் காது, அதே சிக்கல் ததும்பும் ஒரு வாவியின் பக்கம் திரும்பியதில் வியப்பில்லை.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழும். ஆயிரத்தில் ஒரு பங்குதான் வெளியே வருமென்றால், துடுப்பும் பலகையும் இல்லாமல் வெறுங்காதால் கேட்டதாகச் சொன்னவர்கள் எல்லாரும் பொய்யர்களா? டெனன்டே முதலில் வெறுங்காதால்தான் கேட்டார். மரத்தில் காதை வைத்தது அதற்குப் பிறகு. மறுப்பின் ஒரு பகுதிக்கு விடை எளிது. மனிதக் காது ஆற்றலில் இலட்சம் கோடி மடங்கு வித்தியாசத்தையும் தாங்கும் கருவி. அலையும் காற்றும் ஓய்ந்த இரவில் ஆயிரத்தில் ஒரு பங்கு அதற்குப் போதும். மற்றப் பகுதிக்கு விடை அண்மையில்தான் வந்தது. மேலே சொன்ன கணக்கு, ஒலி ஆழத்திலிருந்து வருகிறது என்று வைத்துக்கொண்டு போட்டது. 2006இல் ஒலெக் கோடின் என்ற ஒலியியலாளர் காட்டியது இது: தாழ்ந்த சுருதி ஒலி, தன் அலைநீளத்தின் ஒரு சிறு பங்கு ஆழத்திலேயே பிறந்தால், நீர்ப்பரப்பு முன்னர் நினைத்ததைவிட மிகத் தாராளமாக வழிவிடும். செக்கனுக்கு நூறு தடவை அதிரும் ஒலியின் அலைநீளம் நீரில் 15 மீற்றர். மட்டக்களப்பு வாவியோ பெரும்பாலும் ஓரிரண்டு மீற்றர் ஆழம். மிக ஆழமான இடத்திலும் சில மீற்றருக்கு மேல் போகாது. வாவியின் அடிமண்ணில் கிடந்து பாடினாலும் அது பரப்புக்குக் கிட்டவே கிடந்து பாடுவதுதான். இதே நிகழ்வை ஆழ்கடலில் தேடியிருந்தால் வெறுங்காதுச் சாட்சிகளைத் தள்ளிவிடலாம். இங்கே தள்ளுவது அவசர முடிவு.

ஆழக்குறைவு இன்னொரு பழைய வாதத்தையும் கவிழ்க்கிறது. டெனன்ட் விசாரித்த மீனவர்கள், ஒலி எழுப்புவது மீன் இல்லை, அழும் ஊரி என்று சொல்லி, வாவியிலிருந்து சில ஊரிகளை உயிரோடு எடுத்து வந்தும் கொடுத்தார்கள். படகு நகர்ந்ததும் ஒலி மறைந்ததைக் கொண்டு, ஒலியின் மூலம் ஓரிடத்தில் நிலைத்திருப்பது, ஆகவே நீந்தும் மீனைவிட ஊர்ந்து கிடக்கும் ஊரியே பொருத்தம் என்று டெனன்டும் அவர்கள் பக்கம் சாய்ந்தார். அவர் கவனித்தது சரி, முடிவுதான் தவறு. ஆழமற்ற நீரில் தாழ்ந்த சுருதி பக்கவாட்டில் பரவவே முடியாது. அடித்தளம் பாறையாக இருந்தாலும், ஆழத்தைப் போல நான்கு மடங்குக்கு மேல் நீண்ட அலை முன்னேறாமல் பிறந்த இடத்திலேயே தேய்ந்து மடியும். சேற்றுத்தளமானால் கட்டுப்பாடு இன்னும் கடுமை. இரண்டு மீற்றர் நீரில் 8 மீற்றரைவிட நீண்ட அலைகளுக்கு, அதாவது செக்கனுக்கு 190 அதிர்வுக்குக் குறைந்த சுருதிகளுக்கு, வழியே இல்லை. மூலம் எதுவானாலும், அதன் தலைக்கு மேலே போனால்தான் தாழ்ந்த சுரம் கேட்கும், கொஞ்சம் விலகினால் அவிந்துபோகும். ஆக, இடத்துக்கு இடம் ஒலி மாறியது வாவியின் ஆழத்தைப் பற்றிய சான்று. பாடுவது ஊரி என்பதற்கு அது சான்றாகாது. மீன் என்றால் அலைந்துகொண்டே இருக்கும் என்ற எண்ணமும் சரியில்லை. கூட்டைக் காத்துக்கொண்டு இரவு முழுதும் ஒரே கல்லின் அடியில் கிடக்கும் ஆண் மீன்கள் உலகில் பல உண்டு.

ஊரிக்கு எதிரான வலுவான காரணம் வாயுதான். நீரை அமுக்குவது அரிது. காற்று அதைவிடப் பதினைந்தாயிரம் மடங்கு எளிதில் அமுங்கும். நீருக்குள் உரத்த, நீடித்த சுரம் எழுப்ப வேண்டுமானால், விரிந்து சுருங்கி நீரைத் தள்ளும் ஒரு வாயுப்பொதியைவிடச் சிறந்த கருவி கிடையாது. மீனின் சதை ஏறக்குறைய நீரின் அடர்த்தியே கொண்டது, ஒலிக்கு அது இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். ஆனால் பல மீன்களின் வயிற்றுக்குள் ஒரு காற்றுப்பை இருக்கிறது. மிதப்பைச் சமன் செய்ய உதவும் அந்தப் பையைச் சில இனங்கள் தசையால் அதிரவைத்து மத்தளமாக்கிக் கொண்டன. ஊரியிடம் அப்படி எதுவும் இல்லை. இதற்கும் மறுப்புச் சொல்லலாம்: சொடுக்கு இறால் காற்றுப்பை இல்லாமலே கடலடியை அதிரவைக்கிறது, கடல்முள்ளி பாறையைச் சுரண்டும்போது அதன் கூடு ஒலிபெருக்குகிறது. உண்மை. ஆனால் இறாலின் வெடிப்பொலி பிறப்பது, அதன் கொடுக்கு மூடும் வேகத்தில் நீரில் உண்டாகி நொறுங்கும் ஒரு குமிழியால் என்று 2000ஆம் ஆண்டு ஆய்வு காட்டிவிட்டது; அங்கும் வேலை செய்வது வாயுதான். கடல்முள்ளி எழுப்புவது சுரண்டல் இரைச்சல். டெனன்ட் எழுதியதோ சுரம். மேலும் கீழும் ஒரே நேரத்தில் கேட்டதாக அவர் சொன்னதற்கும் மீன் நன்றாகப் பொருந்துகிறது. காற்றுப்பை செக்கனுக்கு நூறு தடவை அதிர்ந்தால் இருநூறு, முந்நூறு, நானூறு என்று மேல்சுருதிகளும் கூடவே எழும், யாழ் நரம்பில் எழுவது போல. கலிபோர்னியாவில் சோசலிட்டோவின் படகு வீடுகளில் வாழ்ந்தவர்கள் 1980களில் இரவெல்லாம் தரையிலிருந்து எழுந்த ஒரு ரீங்காரத்தால் தூக்கம் கெட்டு, மின்பிறப்பாக்கி, கழிவுநீர்க் குழாய், இராணுவ இரகசியம் என்றெல்லாம் சந்தேகப்பட்டார்கள். கடைசியில் பிடிபட்டது, இணையை அழைக்கும் ஒரு சிறு தேரை மீன். டெனன்ட் காதை வைத்த பலகைக்கு அவர்களது படகின் அடித்தளம் பங்காளி. மட்டக்களப்புக்கு இதெல்லாம் அந்நியச் செய்தியும் இல்லை. கையில் பிடித்தால் முனகும் ஒரு மீனுக்குக் கீச்சான் என்று பெயர் வைத்த மொழி நம்முடையது. கெளிறும் காற்றுப்பையை அதிரவைத்துச் சத்தம் போடும் இனமே.

பருவத்தைப் பற்றி மீனவர்கள் டெனன்டிடம் சொன்னது, ஊரியைப் பற்றிச் சொன்னதைவிட எனக்குப் பெறுமதியாகத் தெரிகிறது. பாட்டு கோடையில் மட்டுமே கேட்கும். மாரி வெள்ளம் வாவிக்குள் இறங்கியதும் நின்றுவிடும் என்றார்கள். வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனை வரை 56 கிலோமீற்றர் நீளம். கடலோடு அது பேசுவது இரண்டே வாயால்: பாலமீன்மடு முகத்துவாரம், தெற்கே கல்லாறு. கோடையில் அலை கொண்டுவந்து குவிக்கும் மணல் அந்த வாய்களை அடைக்கும். வடகீழ்ப் பருவமழையில் படுவான்கரை ஆறுகளின் நீர் வந்து வாவி உயர்ந்து, வாய் தானே உடையும், அல்லது வெட்டப்படும். நமக்கு வேண்டியது, வெள்ளக்காலத்தில் நீர் அடுக்காகும் என்பது. நன்னீர் கன மீற்றருக்கு ஏறத்தாழ 1,000 கிலோ, கடல்நீர் 1,025 கிலோ. இலேசானது மேலே பரவ, உப்புநீர் அடியில் ஒதுங்கும். இந்த இரண்டு நீரின் எல்லைதான் பாட்டைத் தடுக்கிறது என்று ஒருவர் வாதிடலாம். கேட்க அழகான வாதம், கணக்குப் போட்டால் நிற்காது. நன்னீருக்கும் உப்புநீருக்கும் ஒலி எதிர்ப்பில் வித்தியாசம் நூற்றுக்கு ஐந்துதான். அந்த எல்லையில் முட்டித் திரும்பும் ஆற்றல் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. காற்றின் எல்லையில் ஆயிரத்தில் ஒன்றுதான் தப்புகிறது, நீரடுக்கின் எல்லையில் ஆயிரத்தில் ஒன்றுகூடத் திரும்புவதில்லை. பார்க்கப்போனால் வெள்ளத்தில் ஆழம் கூடுவதால் ஒலி முன்னைவிடத் தொலைவு பரவ வேண்டும். பரவாமல் அடங்குகிறதென்றால் மாறியது ஊடகம் இல்லை. பாடகர்தான் இடம் மாறுகிறார், அல்லது ஓடும் நீரின் இரைச்சல் அவரை மூடுகிறது. உப்பின் அளவுக்கேற்ப இடம்பெயர்வது உவர்நீர் மீனின் வழக்கம். முழுநிலவில்தான் பாட்டு நன்றாகக் கேட்கும் என்ற பேச்சுக்கும் இதே போக்கில் விடை தேடலாம். நிலவொளிக்கு ஒலியைக் கடத்தும் ஆற்றல் இல்லை. ஆனால் நிலவின் கணக்கில் இனம்பெருக்கும் மீன்கள் உண்டு. பூரணை இரவில்தான் மனிதர்கள் படகேறிப் பாட்டுக் கேட்கப் போகிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. இருட்டில் யாரும் போகாத இரவுகளின் பாட்டைப் பற்றி யார் சாட்சி சொல்வது?

இப்போது பாட்டு நின்றுவிட்டது என்பார்கள். நின்றதா, கேட்பது நின்றதா என்று முதலில் பார்க்க வேண்டும். 1924இல் கல்லடியில் லேடி மனிங் பாலம் திறக்கப்பட்டது. பாட்டுக் கேட்கும் இடமாக அதுவே பேர் பெற்றது, அதேநேரம் வண்டிகளின் அதிர்வைத் தூண்கள் வழியே நீருக்குள் இறக்கியதும் அதுவே. துடுப்பில் பாட்டு எப்படி மேலே ஏறுகிறதோ, அதே வழியில் இரைச்சல் கீழே இறங்குகிறது. அமெரிக்க இயேசு சபைத் துறவி லாங் அடிகளார் கடந்த நூற்றாண்டில் வாவியின் ஒலியைப் பதிவு செய்து, அது இலங்கை வானொலியில் ஒலிபரப்பானபோது, பாலத்துக்கு வயது சில பத்தாண்டுகள். அப்போதும் கீழே பாடிக்கொண்டுதான் இருந்தது. பின்னர் போர் வந்தது. இரவில் வாவியில் படகு இறக்கி நிம்மதியாகக் காத்திருப்பது பல ஆண்டுகள் எவருக்கும் இயல்பான காரியமாக இருக்கவில்லை. 2013இல் பக்கத்திலேயே புதிய பாலமும் எழுந்தது. மரத்தோணி போய் பைபர் படகு வந்ததுதான் காரணம் என்பாரும் உண்டு. அதை நான் ஏற்கமாட்டேன். கண்ணாடி இழைத் தகட்டின் ஒலி எதிர்ப்பு நீரினதைப் போல மூன்று மடங்கு அளவில்தான் வரும். ஒலியாற்றலில் முக்கால் பங்குக்கு அது வழிவிடும். மரத்துக்கு ஈடாகாவிட்டாலும் காற்றோடு ஒப்பிட்டால் திறந்த கதவு. தடை படகின் பின்னால் தொங்கும் எந்திரம். அதை நிறுத்திவிட்டு, மழை தொடங்குமுன் காற்றடங்கிய ஓர் இரவில், கோட்டை வாசலுக்கு வடகிழக்கே 180 மீற்றரில் துடுப்பை இறக்கிக் காதோடு அழுத்தினால், டெனன்டுக்கு மீனவர்கள் காட்டிய இடமும் அவர்கள் சொல்லும் முறையும் இன்றும் அப்படியே கிடைக்கும்.